ஷார்ஜாவில் இருப்பவரை நம்பலாமா என்று கேட்ட தங்கச்சிக்கு

உன் கடிதத்தில் இருப்பதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சொந்த ஊர் வீரவநல்லூர் பக்கம், வேலை வண்ணார்பேட்டையில் ஒரு பரிசோதனைக் கூடத்தில், வயது 26. கல்லூரிக் காலத்தில் ஒருவனை நம்பினாய். அவனுக்கு வேறு இடத்தில் நிச்சயம் ஆன செய்தியே உனக்கு அவன் நண்பனின் வாட்ஸப் ஸ்டேட்டஸில்தான் கிடைத்தது. இப்போது ஒரு வருஷமாக இன்னொருவரோடு பழக்கம். அவர் ஊர் திசையன்விளை பக்கம், வேலை ஷார்ஜாவில். நேரில் பார்த்தது ஒரே ஒரு விடுமுறையில். "தங்கச்சி கல்யாணம் முடியட்டும், வீட்டுல பேசுதேன்" என்கிறார். கைமாற்றாக 5,000 ரூபாய் வாங்கி, சொன்ன தேதிக்குத் திருப்பிக் கொடுத்தார். அப்புறம் வாங்கிய 40,000 இன்னும் வரவில்லை. உன் மதினிக்கு மட்டும் விஷயம் லேசாகத் தெரியும். இவரை நம்பலாமா, அவரைப் பற்றி விசாரிப்பது துரோகமா, அம்மாவிடம் சொல்லலாமா என்று கேட்கிறாய். கடைசியில், "யாரை நம்பணும்னு கண்டுபிடிக்கிறது படிச்சுக்கக்கூடிய விஷயமாக்கா?" என்றும் கேட்டிருக்கிறாய்.

படித்துக்கொள்ளலாம். ஆனால் என்னைப் பற்றி ஒன்று தெரிந்துகொண்டு மேலே படி. நான் பாளையங்கோட்டையில் குடும்ப வழக்கு பார்க்கிற வக்கீல். சந்தோஷமாக வாழ்கிற யாரும் என் ஆபீஸ் படி ஏறுவதில்லை. அதனால் என் பார்வை சந்தேகத்தின் பக்கம் கொஞ்சம் சாய்ந்தே இருக்கும். நான் சொல்வதில் அந்த அளவுக்குக் கழித்துக்கொள்.

நம் பக்கத்தில் பெண் கொடுப்பதற்கு முன்னால் விசாரிப்பது என்று ஒரு பெரிய சோலி உண்டு. ஆச்சி காலத்துப் பெரியவர்கள் மாப்பிள்ளை வீட்டுக்கு நேராகப் போகமாட்டார்கள். அந்த ஊர் டீக்கடையில் போய் உட்கார்ந்து, மழை பெய்ததா, குளம் பெருகியதா என்று ஆரம்பித்து, பைய அந்த வீட்டுப் பேச்சுக்கு வருவார்கள். பிறகு பலசரக்குக் கடைக்காரர், பால் ஊற்றுபவர், அடுத்த வயல்காரர் என்று ஒரு சுற்று. இவர்களை ஏன் கேட்டார்கள் என்று யோசித்துப் பார். இவர்களிடம் நல்ல பெயர் வாங்க வேண்டும் என்று எந்தப் பையனும் மெனக்கெட்டிருக்க மாட்டான். கடைக்காரரிடம் எப்படிக் கடன் சொன்னானோ, வரப்புத் தகராறில் எப்படிப் பேசினானோ, அதுதான் அவன்.

நம் ஊரில் யாரும் நேராகக் கெட்டது சொல்லமாட்டார்கள் என்பதும் அவர்களுக்குத் தெரியும். "ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தைப் பண்ணு" என்று பழமொழியே வைத்திருக்கிறோம். கல்யாணத்தைக் கலைத்த பாவம் நமக்கு எதுக்கு என்று எல்லோரும் "நல்ல பையன்" என்றே சொல்வார்கள். அதனால் விசாரிக்கத் தெரிந்தவர், சொல்லாமல் விட்டதைக் கவனிப்பார். "பையன் எப்படி?" என்று கேட்டதற்கு "அவுக அப்பா தங்கமான மனுசன்லா" என்று பதில் வந்தால், பேசாமல் டீக்குக் காசு கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்.

விசாரித்த விதத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. கேட்ட கேள்விகள்தான் கோணல். என்ன சாதி, எத்தனை மரக்கால் விதைப்பாடு வயல், அரசு வேலையா, அக்காவுக்கு எத்தனை பவுன் போட்டார்கள்? இதையெல்லாம் துருவித் துருவிக் கேட்டவர்கள், குடித்தால் என்ன செய்வான், கூடப் பிறந்தவளிடம் எப்படிப் பேசுவான், வாங்கிய கடனைத் திருப்புவானா என்று கேட்டதில்லை. என் மேசைக்கு வரும் மனுக்களில் வயல் குறைவாக இருந்ததால் பிரிந்தவர்கள் யாரும் இல்லை. கேட்காமல் விட்ட கேள்விகளால் வந்தவர்கள்தான் ஏராளம். வேலையை, நோயை, முந்தைய கல்யாணத்தை மறைத்துக் கட்டிவைத்த கதைகளும் வரும். முக்கியமான ஒரு விஷயத்தை மறைத்து மோசடியாகச் சம்மதம் வாங்கியிருந்தால் அந்தக் கல்யாணத்தைச் செல்லாது என்று அறிவிக்க இந்து திருமணச் சட்டத்தின் 12ஆம் பிரிவில் வழி இருக்கிறது, மோசடி தெரிந்து ஒரு வருஷத்துக்குள் மனு போட வேண்டும். பெரியவர்கள் பார்த்துச் செய்தால் ஏமாற்று இருக்காது என்று யாராவது உன்னிடம் சொன்னால் இதை ஞாபகம் வைத்துக்கொள்.

காதல் என்று வந்ததும் நாம் அந்தக் கோணல் கேள்விகளோடு சேர்த்து விசாரிக்கும் வழக்கத்தையே தூக்கிப் போட்டுவிட்டோம். நானே தேடிக்கொண்ட ஆளை இன்னொருத்தரிடம் போய் விசாரிப்பதா என்று ஒரு கூச்சம். மூன்று சென்ட் மனை வாங்குவதற்கு வில்லங்கச் சான்று எடுக்கிறோம். அதில்கூடப் பதிவு செய்த கிரயமும் அடமானமும்தான் வரும். வாய்ச்சொல்லாகக் கொடுத்த வாக்கும் பங்காளித் தகராறும் பக்கத்து மனைக்காரரைக் கேட்டால்தான் தெரியும். உன் ஷார்ஜாக்காரர் விஷயத்தில் உன் கையில் இருப்பது அவரே பதிந்த விவரம் மட்டும். அவர் சொன்னது, அவர் இன்ஸ்டாகிராமில் போட்டது, அவர் காட்டிய அறை. அவரைத் தெரிந்த இன்னொரு மனுஷர் சொன்ன ஒரு வார்த்தைகூட உன்னிடம் இல்லை. ஒரு வருஷத்துக்கு அது ரொம்பக் குறைச்சல்.

அதனால் விசாரி. துரோகம் இல்லை. ஆனால் ஒளிந்து செய்யாதே. அவர் போனைத் திறந்து பார்ப்பது, வேறு பெயரில் கணக்குத் தொடங்கி அவரிடம் பேச்சுக் கொடுப்பது எல்லாம் வேண்டாம். ஏதாவது கிடைத்தாலும் அதை வைத்து நேராகக் கேட்க முடியாது, ஒன்றும் கிடைக்காவிட்டால் இன்னும் தோண்டச் சொல்லும். அவரிடமே சொல்: "எங்க அண்ணன் ஒரு நாள் உங்க ஊருப் பக்கம் வந்து உங்க ஆளுங்க யாரையாவது பார்த்துட்டு வரட்டும்." சொல்லிவிட்டு அவர் என்ன செய்கிறார் என்று பார். தயங்கினாலே கெட்டவர் என்று முடிவு கட்டிவிடாதே. தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்கிற வீட்டில் அண்ணன் காதல் வெளியே தெரிந்தால் வருகிற சம்பந்தம் தட்டிப்போகும் என்ற பயம் நம் பக்கத்தில் நிஜமான பயம். ஆனால் நிஜமாகவே பயப்படுகிறவர் மாற்று வழி ஒன்று சொல்வார். "வீட்டுக்கு இப்ப வேண்டாம், எங்க அத்தான் வள்ளியூர்ல கடை வச்சிருக்காரு, அவரைப் பார்க்கச் சொல்லு" என்பார். இல்லையென்றால் ஷார்ஜாவில் கூடத் தங்கியிருக்கும் ஊர்க்காரரிடம் போனைக் கொடுப்பார். எல்லாக் கதவையும் சாத்திவிட்டு "அப்ப என்னை நம்பலையா?" என்று உன் மேலேயே திருப்பினால், அங்கே கொஞ்சம் நின்று யோசி. நம்பிக்கை இல்லாததால்தான் கேட்கிறாய். அதைக் குற்றமாக்கி உன்னை வெட்கப்பட வைப்பவர், பின்னால் நீ கேட்கப்போகும் எல்லாக் கேள்விக்கும் அதே பதிலைத்தான் வைத்திருப்பார்.

அண்ணன் போவதானால் அந்த ஊர்க் கோவில் கொடைத் திருவிழா நேரம் பார்த்துப் போகட்டும். மும்பை, சென்னை, வளைகுடா என்று போனவர்கள் எல்லாம் லீவு போட்டு வந்து இறங்குவது கொடைக்குத்தான். இல்லாவிட்டால் பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோவிலுக்கு. வரி பிரிப்பதில் யார் எப்படி நடந்துகொள்கிறார்கள், ராத்திரி வில்லுப்பாட்டு நடக்கும்போது எந்தப் பையன் எந்த நிலையில் கிடக்கிறான் என்பது ஊருக்கே தெரியும். உன் ஆள் அந்த நேரம் ஊரில் இல்லாவிட்டாலும் அவர் கூட்டாளிகள் இருப்பார்கள், அவர்களைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். கொடைச் சாப்பாடும் வீணாகாது.

"தங்கச்சி கல்யாணம் முடியட்டும்" என்பதை எடுத்துக்கொள்வோம். இது நம் ஊரில் பாதிப் பையன்கள் உண்மையாகச் சொல்கிற காரணம், மீதிப் பேருக்குக் கைவசம் இருக்கிற சாக்கு. வித்தியாசம் கண்டுபிடிப்பது பெரிய கஷ்டம் இல்லை. உண்மையாகவே தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்கும் வீட்டில் மாதத்துக்கு மாதம் ஏதாவது நடக்கும். நாங்குநேரியிலிருந்து ஒரு ஜாதகம் வந்தது, பொருந்தவில்லை, ஒரு இடத்தில் பவுன் கூடுதலாகக் கேட்டார்கள், அம்மாவுக்கும் சித்தப்பாவுக்கும் அதில் சண்டை. நீ கேட்காமலேயே இதெல்லாம் அவர் வாயில் வரும், புலம்பலாகக்கூட வரும். சாக்காக இருந்தால் போன ஆடியில் சொன்ன அதே வாக்கியம் இந்த ஆடியிலும் அப்படியே இருக்கும். அவர் தங்கையின் பெயராவது உனக்குத் தெரியுமா? நீ எழுதியதில் இல்லை.

துட்டு விஷயத்தில் நான் கொஞ்சம் கறாராகப் பேசுவேன். சின்னத் தொகையைச் சொன்ன தேதிக்குத் திருப்பியது நல்ல குணமாகவும் இருக்கலாம், பெரிய தொகைக்குப் போட்ட அடித்தளமாகவும் இருக்கலாம். இரண்டில் எது என்று இரண்டாவது தொகையை வைத்துத்தான் சொல்ல முடியும். கஷ்டத்தில் இருப்பவர் தேதி தவறுவது சகஜம். தவறிய தேதியைப் பற்றி அவரே பேச்செடுக்கிறாரா என்று பார். "இந்த மாசம் முடியல, பத்தாயிரம் மட்டும் அனுப்புதேன்" என்பவர் வேறு ரகம். நீ கேட்கும்வரை வாய் திறக்காமல் இருந்து, கேட்டதும் கோபப்படுகிறவர் வேறு ரகம். எப்படி இருந்தாலும் இனிமேல் உன் நகையை அடகு வைத்தோ, மகளிர் குழுவில் உன் பேரில் கடன் எடுத்தோ, போனில் வருகிற கடன் செயலியில் உன் ஆதாரைக் கொடுத்தோ ஒரு பைசா கொடுக்காதே. வாங்கியவர் ஷார்ஜாவில் இருப்பார். வாராவாரம் தவணை கேட்டுக் குழுத் தலைவி வந்து நிற்பது உன் அம்மா வீட்டு வாசலில். இந்த வழக்குகளில் ஆண்களும் ஏமாறுகிறார்கள், கௌரவத்தை நினைத்து வெளியே சொல்வதில்லை.

நம்புவது என்றால் ஒரு ஆளை மொத்தமாக நம்புவது, இல்லாவிட்டால் மொத்தமாகத் தள்ளுவது என்று நினைக்கிறோம். என்னிடம் வந்த ஒரு பெண்ணின் கணவர் தெருவே மெச்சும் ஆள். நடுராத்திரி யாருக்கு நெஞ்சுவலி என்றாலும் ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு வண்டி எடுத்துக்கொண்டு ஓடுவார். மனைவியின் நகை எந்தக் கடையில் அடகில் இருக்கிறது என்று மட்டும் சொல்லமாட்டார். அவர் ஓடியதும் பொய்யில்லை, மறைத்ததும் பொய்யில்லை. "இவ்வளவு நல்லவர் இதில் மட்டும் ஏமாற்றுவாரா" என்று அந்தப் பெண் பல வருஷம் தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டிருந்தார். எந்த விஷயத்தில் நம்பலாம் என்று தனித்தனியாகக் கேட்டுப் பழகு. துட்டில், ரகசியத்தில், கோபத்தில், நீ "வேண்டாம்" என்று சொல்லும் நேரத்தில்.

கடைசியாகச் சொன்னதில்தான் எனக்கு அதிக நம்பிக்கை. ஒருவர் உன்னிடம் எவ்வளவு இனிக்கப் பேசுகிறார் என்பதில் எனக்கு அக்கறை கிடையாது, அது எல்லோருக்கும் வரும். நீ முடியாது என்றபோது என்ன நடந்தது? இன்றைக்கு வீடியோ கால் வேண்டாம், அந்த மாதிரி படம் அனுப்பமாட்டேன், இந்த மாதம் துட்டு இல்லை. இப்படி நீ சொன்ன சமயங்கள் இருக்கும், நினைத்துப் பார். முகம் வாடினாலும் விட்டுவிட்டாரா, மறுநாளும் வழக்கம்போலப் பேசினாரா? இல்லை, இரண்டு நாள் போனை அணைத்துப் போட்டு, நீ கெஞ்சிய பிறகு வந்தாரா? இதற்காகப் புதிதாக ஒரு நாடகம் போட்டுச் சோதிக்க வேண்டாம். ஒரு வருஷத்தில் நடந்ததே போதும். படம் ஏதாவது ஏற்கெனவே அனுப்பியிருந்து அதை வைத்து மிரட்டல் வந்தால் பயந்து துட்டு கொடுக்காதே. சம்மதமில்லாமல் அந்தரங்கப் படத்தைப் பரப்புவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ பிரிவில் 3 வருஷம் வரை சிறை. மிரட்டிய செய்திகளை அழிக்காமல் வைத்துக்கொண்டு சைபர் கிரைம் போலீசில் புகார் கொடு.

சட்டத்தைச் சீக்கிரம் சொல்லி முடிக்கிறேன். கல்யாணம் செய்யும் எண்ணமே இல்லாமல் வாக்குக் கொடுத்து உடலுறவு கொள்வது 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 69ஆம் பிரிவில் தனிக் குற்றம், 10 வருஷம் வரை தண்டனை. ஆனால் ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்ததா, பின்னால் சூழ்நிலை மாறியதா என்று நீதிமன்றம் பிரித்துப் பார்க்கும். நிரூபிப்பது லேசு இல்லை. அப்புறம், விடுமுறையில் வந்து "கோவில்ல வச்சு தாலி கட்டிருதேன், பதிவெல்லாம் பொறவு பார்க்கலாம்" என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்து. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எந்த மதத்துக் கல்யாணமாக இருந்தாலும் பதிவு கட்டாயம். தாலிக்கு அவசரப்பட்டு, கையெழுத்துக்கு மட்டும் அவசரமில்லை என்பவரை நான் நம்பமாட்டேன்.

உங்கள் இரண்டு பேர் சாதியை நீ எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. வேறு வேறு என்றால் இந்தப் பத்தியை இரண்டு தடவை படி. 2025 ஜூலையில் பாளையங்கோட்டை கே.டி.சி. நகரில் ஒரு இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டதும், அவர் பழகிய பெண்ணின் சகோதரர் கைதானதும் உனக்குத் தெரியாமல் இருக்காது. இந்த மாவட்டத்தில் யாரை நம்புவது என்ற கேள்வி காதலரோடு முடிவதில்லை. "வீட்டுக்கு வா, பேசி முடிச்சிருவோம்" என்று ரத்த உறவே அன்பாகக் கூப்பிடும்போதும் அதே கேள்வி வரும். அப்படிப்பட்ட பேச்சுக்கு நீயும் தனியாகப் போகாதே, அவரையும் தனியாக அனுப்பாதே. உன் அண்ணனைத் திசையன்விளைக்கு அனுப்பச் சொன்னதும் இதற்கு உட்பட்டதுதான். அண்ணன் எப்படிப்பட்டவர் என்று உன் மதினிக்குத்தான் சரியாகத் தெரியும், மதினி வேண்டாம் என்றால் வேண்டாம். சாதி மாறிக் கல்யாணம் செய்யும் ஜோடிகளைக் காக்க மாவட்டம்தோறும் தனிப்பிரிவு வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் உத்தரவிட்டிருக்கிறது. சாதி, மதம் பார்க்காமல் பதிவாளர் முன்னால் கல்யாணம் செய்ய வழிவிடும் தனித் திருமணச் சட்டத்தில் கல்யாண நோட்டீஸ் கொடுத்தால் 30 நாள் அலுவலகத்தில் ஒட்டிவைப்பார்கள். யார் கண்ணில் படும் என்று யோசித்துவிட்டு, வக்கீலோடு பேசிய பிறகு கொடு. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவசச் சட்ட உதவி உண்டு. சட்ட உதவிக்கான தேசிய எண் 15100, பெண்கள் உதவி எண் 181.

பழைய காயம் பேசுகிறதா, இவர் மேல் உண்மையாகவே சந்தேகம் வருகிறதா என்று தெரியவில்லை என்று எழுதியிருந்தாய். ஒரு தாளை எடுத்து எழுதிப் பார். என்ன சொன்னார், எந்தத் தேதியில், அப்புறம் என்ன நடந்தது. எழுத உட்கார்ந்தால் ஒன்றுமே தோன்றாமல் வயிற்றில் பயம் மட்டும் இருந்தால், அது அந்தக் கல்லூரிக்காரன் வைத்துவிட்டுப் போன பயம். இவரை அதற்குக் கணக்குக் கேட்க முடியாது. தாள் நிறைந்துவிட்டால் பழைய காயத்தின் மேல் பழியைப் போடாதே.

அம்மாவிடம் சொல்லலாம், ஆனால் முதலில் மதினியிடம் முழுதாகச் சொல். லேசாகத் தெரிந்தும் இத்தனை நாள் யாரிடமும் வாய் திறக்காதவர், உன்னையும் தோண்டவில்லை. இந்தக் கதையில் இதுவரை நம்பத் தகுந்த மாதிரி நடந்துகொண்ட ஒரே ஆள் அவர்தான், அதை நீ கவனித்ததாகத் தெரியவில்லை. அம்மாவிடம் எப்போது, எந்த வார்த்தையில் சொல்வது என்பது அவருக்கு உன்னைவிட நன்றாகத் தெரியும்.

அந்த 40,000 ரூபாயைப் போனில் பேசிக் கேட்காதே, எழுதிக் கேள். "போன ஐப்பசியில் வாங்கின நாற்பதாயிரம் எனக்கு இப்ப தேவைப்படுது, எப்ப எவ்வளவு அனுப்ப முடியும்னு சொல்லுங்க." மாதத்தை மட்டும் சரியாகப் போட்டுக்கொள். கோபம் வேண்டாம், சிரிக்கிற பொம்மையும் வேண்டாம். அனுப்பிய வங்கிக் கணக்கு விவரத்தை எடுத்து வை. கைமாற்றாகக் கொடுத்த பணத்துக்கு வழக்குப் போடக் கொடுத்த நாளிலிருந்து 3 வருஷம் அவகாசம் இருக்கிறது, அதனால் பதற்றமும் வேண்டாம். என்ன பதில் வருகிறது, எத்தனை நாளில் வருகிறது என்று பார்த்து எனக்கு எழுது. ஊருக்கு யார் போய் விசாரிப்பது என்பதை அப்போது பேசிக்கொள்வோம்.